லாக்டிக் அமிலத்தின் மீது போட்ட பழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் அண்மையில் வெளியான மசாஜ் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இயன்முறை சிகிச்சையாளராக முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நீவியும் அழுத்தியும் பிடித்துவிட்டும் இந்தக் கைகளால் பிழைத்தவன். ஆகவே, மசாஜை வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்காமல், வலியால் அவதிப்படுவோருக்கு அதுவும் ஓர் உதவி என்று கட்டுரையாளர் எழுதியிருந்ததைக் கண்டு முதல் வாசிப்பில் மகிழ்ந்தேன். இரண்டாம் வாசிப்பில்தான், அந்த உதவிக்குக் காரணங்களாக அவர் அடுக்கியிருந்தவற்றில் பெரும்பாலானவை பல ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வுகளில் அடிபட்டுப் போனவை என்பதும், கட்டுரையின் அடியில் கட்டம் கட்டிப் போட்டிருந்த அறிவுரைகளில் ஒன்று வாசகருக்குத் தீங்கு செய்யக்கூடியது என்பதும் உறைத்தது. அந்த அறிவுரையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உழைத்த தசைகளில் லாக்டிக் அமிலம் தேங்கிவிடுவதாகவும், மறுநாள் உடம்பு வலிப்பதற்கு அதுவே காரணம் என்றும், மசாஜ் அதைப் பிழிந்து வெளியேற்றுவதாகவும் கட்டுரை சொல்கிறது. தசைக்குள்ளிருந்து அம்புக்குறிகள் வெளியே பாய்வதுபோல் ஒரு படமும் உடன் இருந்தது. இதே கதையை என் பணியின் முதல் பத்தாண்டுகளில் நானும் நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறேன் என்பதை ஒப்புக்கொண்டுதான் மறுக்கிறேன். கடுமையாக ஓடியபின் இரத்தத்தில் உயர்ந்த லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்), நாம் சும்மா உட்கார்ந்து இளைப்பாறினாலும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதைக் கழிவு என்று அழைப்பதே பிழை; இதயத் தசை அதை எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்கிறது, கல்லீரல் அதை மறுபடியும் குளுக்கோஸாக மாற்றித் தருகிறது. உடற்பயிற்சிக்குப் பிந்தைய வலியோ ஒரு நாள் கழித்து ஏறத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சத்தைத் தொடுகிறது. ஒரு மணி நேரத்தில் காணாமல் போன பொருள் மூன்றாம் நாள் படியிறங்கும்போது தொடையைப் பிடித்து இழுக்கிறது என்று சொன்னால், அதை எப்படி நம்புவது?

இதை நேருக்கு நேர் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1983இல் வெளியான ஓர் ஆய்வில், சிலரை டிரெட்மில்லில் சமதளமாகவும் சரிவில் இறங்குவதுபோலவும் 45 நிமிடம் ஓடவைத்தார்கள். சமதளத்தில் ஓடியபோது லாக்டிக் அமிலம் உயர்ந்தது, ஆனால் அடுத்த நாட்களில் குறிப்பிடும்படி வலி வரவில்லை. சரிவில் இறங்கி ஓடியபோது அமிலம் உயரவே இல்லை, வலி மட்டும் நன்றாக வந்தது. மலையேறி இறங்கிய எவருக்கும் இது தெரிந்த சங்கதிதான்: மூச்சு வாங்குவது ஏறும்போது, மறுநாள் தொடை வலிப்பதோ இறங்கியதால். நீண்டுகொண்டே சுமை தாங்கும் தசையிழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவும், அதைத் தொடர்ந்து உடல் செய்துகொள்ளும் பழுதுபார்ப்பும்தான் அந்த வலியின் பின்னணி. தியடோர் ஹஃப் என்பவர் இந்தத் திசையில் 1902ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். அப்படியிருந்தும் நூறாண்டுகளுக்கு மேலாக லாக்டிக் அமிலத்தின் மீது போட்ட பழி நீங்கியபாடில்லை.

மசாஜ் அமிலத்தைப் பிழிந்து எடுக்கிறதா என்பதும் அளக்கப்பட்ட விஷயமே. 2010இல் வந்த ஓர் ஆய்வில், முன்கைத் தசைகளுக்குக் கடும் வேலை கொடுத்து உடனே மசாஜ் செய்தபோது, ஒவ்வொரு அழுத்தத்திலும் இரத்த ஓட்டம் தடைப்பட்டதால் லாக்டேட் வெளியேறுவது மட்டுப்பட்டதே தவிர விரைவுபடவில்லை. சரி, அப்படியானால் ஓட்டக்காரர்கள் மசாஜ் செய்துகொள்வது வீணா என்றால், அதுவும் இல்லை. பயிற்சிக்குப் பின் உடல் தேறுவதற்குச் செய்யப்படும் பலவகை வழிமுறைகளை ஒப்பிட்டு 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, தசைவலியையும் களைப்புணர்வையும் குறைப்பதில் மசாஜே அவற்றுள் முன்னணியில் நிற்பதாகக் கண்டது. பலன் இருக்கிறது, கட்டுரையிலும் படத்திலும் காட்டிய வழியாக அது வரவில்லை. இந்த வேறுபாடு ஏட்டுச்சுரைக்காய்ச் சண்டை அல்ல என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீள்கிறது.

மசாஜால் நச்சுப் பொருட்கள் வெளியேறுகின்றன என்ற கூற்றுக்கு அதிக இடம் தேவையில்லை. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகங்களுக்கும் உரியது. எந்த நச்சு, எவ்வளவு, எங்கிருந்து எங்கே போயிற்று என்று பெயர் சொல்லி அளந்து காட்டியவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. மசாஜுக்குப் பின் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதற்கும் இதைத் தவிர வேறு அடிப்படை கிடையாது. தாகம் எடுத்தால் குடிக்கலாம்.

தசையில் விழும் ‘முடிச்சு’களைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நோயாளிகளுக்கு அது உண்மையான அனுபவம். தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் விரல் வைத்து அழுத்தினால் சில இடங்கள் மற்றவற்றைவிடக் கூசும், சில இடங்கள் கயிறுபோல் தட்டுப்படும். அழுத்தும்போது ‘அதே இடம்தான்’ என்று நோயாளி சொல்வது பொய்யல்ல. ஜேனட் டிராவெல், டேவிட் சைமன்ஸ் ஆகிய இரு மருத்துவர்கள் இந்தப் புள்ளிகளைப் பற்றி 1983இல் ஒரு பெரிய கையேடே வெளியிட்டார்கள். என் தலைமுறைச் சிகிச்சையாளர்கள் அதை வேதம்போல் படித்தோம். ஒருமுறை எங்கள் சிகிச்சைப் பிரிவில் ஓய்வு நேரத்தில் விளையாட்டுப்போல் ஒரு பரீட்சை வைத்துக்கொண்டோம். உடன் பணியாற்றிய ஒருவர் சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுத்துக்கொண்டார். நான் நீல மையால், அவருடைய முதுகில் எனக்குத் தட்டுப்பட்ட முடிச்சுகளைக் குறித்து, அவற்றின் இடத்தை ஒரு தாளில் வரைந்துகொண்டு, மையைத் துடைத்துவிட்டு வெளியே போனேன். பிறகு வந்த சக ஊழியர் சிவப்பு மையால் தம்முடையவற்றைக் குறித்தார். நான் ஏழு இடம் குறித்திருந்தேன், அவர் ஐந்து. ஒத்துப்போனவை இரண்டு; அந்த இரண்டும் எவருக்கும் அழுத்தினால் வலிக்கிற இடங்கள். இருபது ஆண்டு அனுபவமுள்ள இரண்டு ஜோடிக் கைகள்!

எங்கள் பரீட்சைக்கு அறிவியல் மதிப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் முறையாக நடத்தப்பட்ட ஆய்வுகளிலும், தொட்டுப் பார்த்து இந்தப் புள்ளிகளைக் கண்டறிவதில் நிபுணர்களுக்குள்ளேயே நம்பத்தக்க ஒற்றுமை இல்லை என்றே திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. கூச்சமும் வலியும் உண்மை. ஒரு சுருண்ட முடிச்சு உள்ளே இருக்கிறது, கட்டைவிரலால் அதை அவிழ்க்கிறோம் என்பது எங்கள் கற்பனை. அந்தக் கற்பனையின் விளைவாக, முடிச்சு ‘உடையும்’ வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளுமாறு எத்தனை பேரை நான் கட்டாயப்படுத்தியிருக்கிறேன் என்று நினைத்தால் இன்று வெட்கமாக இருக்கிறது. மறுநாள் நீலம் பாரித்த தோளோடு வந்து அவர்கள் எனக்கு நன்றி வேறு சொன்னார்கள்.

இந்த இடத்தில் 2011இல் வெளியான ஓர் ஆய்வை நினைவுகூர்வது பொருத்தம். நாள்பட்ட கீழ்முதுகு வலியுள்ள 401 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, வலிக்குக் காரணமென்று கருதப்படும் தசைகளையும் திசுக்களையும் தேடிப்பிடித்துச் சரிசெய்யும் நுட்பமான மசாஜ். இன்னொரு குழுவுக்கு உடலைத் தளரச் செய்யும் எளிய, இதமான மசாஜ். மூன்றாம் குழுவுக்கு வழக்கமான மருத்துவ கவனிப்பு மட்டும். பத்து வாரங்களில் மசாஜ் பெற்ற இரு குழுவினரும் மூன்றாம் குழுவினரைவிடத் தெளிவாகத் தேறியிருந்தார்கள். ஆனால் நுட்பமான மசாஜுக்கும் இதமான மசாஜுக்கும் சொல்லத்தக்க வேறுபாடே இல்லை. ஆறு மாதம் வரை பலனில் ஒரு பகுதி நீடித்தது, ஓராண்டில் பெரும்பாலும் கரைந்துவிட்டது. எந்தத் திசு, எந்தக் கோணம், எத்தனை ஆழம் என்று நாங்கள் ஆண்டுக்கணக்கில் பயின்ற நுணுக்கங்கள், இதமாகத் தடவிக்கொடுக்கும் கையைவிட அதிகம் சாதிக்கவில்லை என்பது என் போன்றோருக்குக் கசப்பான செய்தி. நோயாளிக்கோ அது நல்ல செய்தி: வலிக்க வலிக்க அழுத்தினால்தான் குணமாகும் என்பது தேவையில்லாத தண்டனை.

அப்படியானால் மசாஜ் எப்படி வேலை செய்கிறது என்று வாசகர் கேட்பது நியாயம். ரொனால்ட் மெல்ஸாக், பாட்ரிக் வால் ஆகியோர் 1965இல் முன்வைத்த ‘வாயில்’ கோட்பாட்டின்படி, தொடுதலையும் அழுத்தத்தையும் ஏந்திச் செல்லும் நரம்புச் செய்திகள் தண்டுவடத்தில் வலிச் செய்திகளின் வழியை ஓரளவு அடைத்துவிடுகின்றன. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் நம் கை தானாகப் போய்த் தேய்ப்பது அதனால்தான். அந்தக் கோட்பாட்டின் விவரங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும், வலி கீழிருந்து மேலே போகும் ஒருவழிப் பாதை அல்ல என்ற அதன் மையக் கருத்து நிலைத்துவிட்டது. மூளையிலிருந்து கீழ்நோக்கி வரும் கட்டளைகளும் வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. எதிர்பார்ப்பு, நம்பிக்கை, பாதுகாப்புணர்வு, நம்மை ஒருவர் கவனித்துக்கொள்கிறார் என்ற ஆறுதல் ஆகியவை எல்லாம் அந்தக் கட்டளைகளில் கலந்திருக்கின்றன. 1978இல் நடந்த ஒரு சோதனையில், பல் பிடுங்கியவர்களுக்குப் போலி மருந்து தந்த நிவாரணத்தை, வலியை அடக்க உடலே சுரக்கும் அபினி போன்ற பொருட்களைத் தடுக்கும் நலாக்ஸோன் என்ற மருந்து குறைத்துவிட்டது. நம்பிக்கையால் வந்த நிவாரணத்துக்கும் உடலில் வேதியியல் வடிவம் உண்டு என்பதற்கு அது முதல் தடயம்.

இதன் மறுபக்கத்தைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று 1995இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் கீழே குதித்தபோது 15 சென்டிமீட்டர் ஆணி ஒன்று அவருடைய பூட்ஸைத் துளைத்து மேலே வந்துவிட்டது. ஆணி சற்று அசைந்தாலும் துடித்ததால் வலுவான வலிநிவாரணிகள் செலுத்தி மயக்கநிலைக்குக் கொண்டுவந்து ஆணியைப் பிடுங்கினார்கள். பூட்ஸைக் கழற்றிப் பார்த்தபோது ஆணி இரண்டு விரல்களுக்கு நடுவே போயிருந்தது. காலில் ஒரு கீறலும் இல்லை. அந்த இளைஞர் நடிக்கவில்லை, அவருக்கு வலித்தது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் வலிக்கு 1979இல் தந்து 2020இல் திருத்திய வரையறை, திசுச் சேதத்தோடு தொடர்புடைய, அல்லது அதை ஒத்த, இன்பமற்ற புலனனுபவமும் உணர்வனுபவமும் என்று வலியைச் சொல்வதும் இதை மனத்தில் கொண்டுதான். கண்ணால் கண்ட ஆணி போதும். மருத்துவர் வாயிலிருந்து வரும் சொல்லும் சில சமயம் ஆணியாகிவிடும்.

என்னிடம் வந்த ஓர் அம்மையாரைப் பற்றிச் சொன்னால் இது விளங்கும். ஐம்பதைத் தாண்டியவர். பெரிய ஸ்கேன் உறையை மார்போடு அணைத்தபடி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ‘டிஸ்க் தேய்ந்துபோய்ப் பிதுங்கி நிற்கிறது, இனி குனியவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்’ என்றார். பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய மூக்குக்கண்ணாடி நழுவித் தரையில் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இரண்டு கைகளும் நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பற்றிக்கொண்டன. நான் எழுந்துபோய் எடுத்துத் தரும்வரை மூச்சைக்கூட விடவில்லை. அவருக்கு எட்டு மாதமாக வலி. அந்த எட்டு மாதமும் அவர் குனியவில்லை. செருப்பு வாரைக்கூட மகள்தான் மாட்டிவிட்டாராம்.

அந்த உறைக்குள் இருந்தது என்ன? வலியே இல்லாத 3,110 பேரின் முதுகு ஸ்கேன்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியிட்டார்கள். அதன்படி, டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு) தேய்மானம் இருபது வயதினரிலேயே 37 சதவீதத்தினருக்கு இருக்கிறது; ஐம்பது வயதில் 80 சதவீதம், எண்பது வயதில் 96 சதவீதம். டிஸ்க் பிதுக்கம் இருபதில் 30 சதவீதம், ஐம்பதில் 60 சதவீதம். இவர்கள் யாருக்கும் முதுகு வலி கிடையாது என்பதைத் திரும்பவும் சொல்கிறேன். தலை நரைப்பதுபோல் உள்ளேயும் நரைக்கிறது. ஸ்கேன் பயனற்றது என்று நான் சொல்லவில்லை, தேவைப்படும் இடங்களைக் கீழே குறிப்பிடுகிறேன். ஆனால் ‘தேய்ந்துவிட்டது’, ‘விலகிவிட்டது’, ‘எலும்போடு எலும்பு உரசுகிறது’ என்ற சொற்களை எந்த விளக்கமும் இல்லாமல் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினால், அவர் தம் முதுகைக் கண்ணாடிப் பாத்திரமாக நினைத்து வாழத் தொடங்குகிறார். அசையாத முதுகு விறைக்கிறது, தசை மெலிகிறது, சின்ன அசைவுக்கும் வலிக்கிறது. சொன்னது சரிதான் என்று அவருக்கு உறுதிப்படுகிறது. பிறகு வாரந்தோறும் மசாஜ் செய்பவர் ‘விலகியதை உள்ளே தள்ளுகிறார்’, அடுத்த வாரம் அது மீண்டும் விலகுகிறது. கையால் அழுத்தி டிஸ்க்கை இருந்த இடத்துக்குத் தள்ள முடியாது. ஆனால் இந்தக் கணக்கில் நோயாளிக்கு விடுதலையே இல்லை.

அந்த அம்மையாருக்கு நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. முதல் சில நாட்கள் பத்து நிமிடம் இதமாக முதுகை நீவிவிட்டேன். அது குணப்படுத்தும் என்று சொல்லாமல், அசைவதற்கு முன் உடம்பு சற்றுத் தளரட்டும் என்று மட்டும் சொன்னேன். பிறகு ஒரு மடித்த துண்டை மேசைமேல் வைத்து எடுக்கச் சொன்னேன். அடுத்த வாரம் நாற்காலிமேல். அதற்கடுத்து முக்காலிமேல். ஒவ்வொரு படியிலும் வலித்தது. வலி மறுநாளைக்குள் பழைய அளவுக்குத் திரும்பினால் அதே படியில் தொடர்வது, திரும்பாவிட்டால் எண்ணிக்கையைக் குறைப்பது, படியை விட்டு இறங்குவதில்லை என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். ஏழாம் வாரம் துண்டு தரையில் இருந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து எடுத்து, நிமிர்ந்தபின்தான் மூச்சு விட்டார். பத்தாவது தடவை எடுக்கும்போது பேசிக்கொண்டே எடுத்தார். என் திறமையால்தான் அவர் தேறினார் என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். முதுகு வலியில் பெரும்பகுதி காலப்போக்கில் தானே ஏறி இறங்கும், மிகவும் மோசமான நாளில்தான் எல்லோரும் சிகிச்சைக்கு வருகிறார்கள், அதற்குப் பின் எது செய்தாலும் சற்று மேலாகத்தான் தெரியும். தனி ஒருவரின் அனுபவத்தை வைத்து எதையும் நிறுவ முடியாமல் ஒப்பீட்டு ஆய்வுகள் தேவைப்படுவதும், கட்டுரையில் மேற்கோள் காட்டப்பட்டிருந்த ‘பலன் பெற்றவர்’களின் சாட்சியங்கள் போதாமற்போவதும் இதனால்தான்.

உடற்பயிற்சிக்கு அந்த ஒப்பீட்டு ஆய்வுகள் ஏராளமாக இருக்கின்றன. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு உடற்பயிற்சி பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் வெளியிட்ட தொகுப்பில் மட்டும் 249 ஆய்வுகள் உள்ளன. சிகிச்சை எதுவும் பெறாதவர்களோடு அல்லது வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிடும்போது, நூறு புள்ளி அளவுகோலில் சராசரியாகப் பதினைந்து புள்ளி அளவுக்கு வலி குறைவாக இருந்தது. மாயம் என்று சொல்ல முடியாது. கணிசமான குறைவு என்று சொல்லலாம். மசாஜைப் பற்றிய அதே அமைப்பின் 2015 தொகுப்பில் இருந்தவை 25 ஆய்வுகள். குறுகிய காலப் பலன் தென்பட்டாலும் சான்றின் தரம் மிகக் குறைவு என்றே முடிவு எழுதினார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கட்டுரை பேசியது சரியல்ல.

எந்த உடற்பயிற்சி என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். வயிற்றையும் முதுகையும் சுற்றியுள்ள ஆழ்தசைகளை மட்டும் தனியே இறுக்கப் பழகும் பயிற்சி ஒரு காலத்தில் எங்கள் துறையில் கொடிகட்டிப் பறந்தது. நீண்ட கால நோக்கில் மற்ற பயிற்சிகளைவிட அது சிறப்பாகச் செய்துவிடவில்லை. நீச்சலோ பளு தூக்குவதோ நடையோ, ஒருவர் விடாமல் செய்யக்கூடியதே அவருக்கு ஏற்றது. நடையைப் பற்றி 2024இல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. முதுகு வலியிலிருந்து அண்மையில் மீண்ட 701 பேரில் ஒரு சாராருக்கு, படிப்படியாகக் கூட்டும் நடைத் திட்டத்தையும் வலியைப் பற்றிய புரிதலையும் கற்றுக்கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் தரவில்லை. வலி திரும்பி வருவதற்கான இடைநிலைக் காலம் (பாதிப் பேருக்கு வலி திரும்புவதற்குள் கழிந்த நாட்கள்) மற்றவர்களுக்கு 112 நாட்களாகவும், நடந்தவர்களுக்கு 208 நாட்களாகவும் இருந்தது. நடந்தவர்களுக்கும் வலி திரும்பியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கூடுதலாகக் கிடைத்த அந்த மூன்று மாதம் எவ்வளவு பெரிது என்பது வலித்தவருக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சேர்க்க வேண்டும். திடீரென்று முதுகு பிடித்துக்கொண்ட முதல் சில நாட்களில் கடுமையான பயிற்சிகளில் இறங்க வேண்டிய அவசியமில்லை. 1995இல் ஹெல்சிங்கியில் 186 ஊழியர்களைக் கொண்டு நடந்த ஆய்வில், படுக்கை ஓய்வு எடுத்தவர்களையும் தனிப் பயிற்சிகள் செய்தவர்களையும்விட, தாங்கக்கூடிய அளவில் அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவாகத் தேறினார்கள். படுத்தே கிடந்தவர்கள்தான் மிக மெதுவாக மீண்டார்கள். அந்த நாட்களில் வெந்நீர் ஒத்தடமோ மசாஜோ இதமாக இருந்தால் தாராளமாகச் செய்துகொள்ளலாம். வலி மாத்திரை என்றால் பாரசிட்டமால்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் 1,600க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், திடீர் முதுகு வலியிலிருந்து மீளப் பாரசிட்டமால் எடுத்தவர்களுக்கு 17 நாட்களும் போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 16 நாட்களும் ஆயின. முழங்கால் மூட்டு வலிக்கும் சுளுக்குக்கும் மேலே பூசும் டைக்ளோஃபெனாக் களிம்புக்கு இதைவிட நல்ல சான்று இருக்கிறது.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென்று முதன்முறையாக ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. நோயாளிக்கு விளக்கிச் சொல்லுதல், உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சைகளில் சில, மசாஜ் உள்ளிட்ட சில கைச் சிகிச்சைகள் ஆகியவை அதில் நிபந்தனையுடன் பரிந்துரைக்கப்பட்டிருக்கின்றன. இடுப்பு பெல்ட், இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட், மின்தூண்டல் கருவி ஆகியவை வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்று சொல்லப்பட்டிருக்கின்றன. கடைசியாகச் சொன்ன இந்த நான்கும்தான் என் பணிக்காலத்தில் பாதியை விழுங்கியவை. அல்ட்ராசவுண்ட் கருவியின் முனையில் ஜெல் தடவி முதுகில் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டே எத்தனை ஆயிரம் மணி நேரம் நின்றிருப்பேன்! அந்த நேரத்தில் நோயாளிகளோடு பேசிய பேச்சு அவர்களுக்குக் கருவியைவிட அதிகம் உதவியிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

கட்டுரை அறவே தொடாத ஒரு பகுதி, எப்போது மசாஜும் பயிற்சியும் காத்திருக்க வேண்டும் என்பது. முதுகு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, மலம் கழிவதில் கட்டுப்பாடு தவறினாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, கால்களின் பலம் குறைந்துகொண்டே வந்தாலோ அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். தண்டுவடத்தின் கீழ்முனை நரம்புக்கற்றை நசுங்கியிருக்கலாம், தாமதித்தால் நிரந்தர ஊனம் மிஞ்சலாம். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் உடல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, கீழே விழுந்தோ விபத்திலோ அடிபட்டது, எலும்பு மெலிந்த முதியவருக்குத் திடீரென்று வந்த கடும் வலி ஆகியவற்றில் மருத்துவர் பார்த்து ஸ்கேன் தேவையா என்று முடிவு செய்ய வேண்டும். ஒரே ஒரு காலில் கெண்டைக்கால் வீங்கி, சிவந்து, தொட்டால் வலித்தால் அதை யாரும் உருவிவிடக் கூடாது. ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருந்தால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடும் அபாயம் உண்டு. கழுத்தைப் பிடித்துச் சடக்கென்று திருப்பிச் சொடுக்கு எடுப்பதும் வேண்டாம். அரிதாகத்தான் என்றாலும் கழுத்து இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

இனி, முதலில் குறிப்பிட்ட அந்தக் கட்டத்துக்கு வருகிறேன். ‘முதுகெலும்புத் தேய்மானம், முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் குனிவதையும் உடற்பயிற்சியையும் தவிர்த்து, மாதம் இருமுறை மசாஜ் செய்துகொள்வது நல்லது’ என்று அதில் மூன்றாவது வரியாக அச்சிட்டிருந்தீர்கள். முழங்கால் தேய்மானத்துக்கு உலகெங்கும் உள்ள சிகிச்சை வழிகாட்டுதல்கள் முதலில் வைப்பது உடற்பயிற்சியைத்தான். அளவான சுமையால் மூட்டின் குருத்தெலும்பு கெடுவதில்லை, அதற்கு இரத்தக்குழாய் இல்லாததால் அழுந்தி விரியும் அசைவின் மூலமாகத்தான் ஊட்டமே போய்ச்சேர்கிறது. அந்த ஒரு வரியை வெட்டி எடுத்துக் கண்ணாடிச் சட்டத்தில் செருகி வைக்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். என்னிடம் வந்தவர்களில் பலர் இப்படிப் பத்திரிகைத் துண்டுகளை மடித்துப் பைக்குள் வைத்திருந்தவர்கள்தான். ஆகவே திருத்தத்தை வேறு எங்கோ சிறிய எழுத்தில் போடாமல், அதே நலவாழ்வுப் பக்கத்தில், அதே அளவுக் கட்டத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் பற்றாவிட்டால் அம்புக்குறிப் படத்தைப் பற்றிய திருத்தத்தை விட்டுவிடலாம். மூன்றாவது வரிக்கான திருத்தம் வந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற இயன்முறை சிகிச்சையாளர்